கேமிங் கணினிக்கு எந்தப் பிராசஸர்?



"கேம் ரொம்ப லேக் ஆகுது, பிராசஸர் மாத்தணும்ப்பா" என்று பிள்ளைகள் கேட்காத வீடு இப்போது குறைவு. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் விஷயம் அது. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை. பிராசஸரில் எந்தக் குறையும் இல்லாத கணினிக்குப் புதுப் பிராசஸர் வாங்கிப் பொருத்திவிட்டு, விளையாட்டு பழையபடியே தடுமாறுவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் பலர்.

ஆன்லைன் விளையாட்டில் நீங்கள் சுட்டது தாமதமாகப் படுகிறது, எதிராளி நின்ற இடத்திலிருந்து திடீரென்று வேறிடத்துக்குத் தாவுகிறான் என்றால், பெரும்பாலும் அது இணைய இணைப்பின் கோளாறு. பிராசஸர் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. திரையே விக்கி விக்கி நகர்ந்தால்தான் கணினிக்குள் பார்க்க வேண்டும்.

விளையாட்டு நொடிக்கு 60 படங்களாக (60 எஃப்.பி.எஸ்.) ஓட வேண்டுமானால், ஒரு படத்தை முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. 144 படங்கள் என்றால் 7 மில்லி நொடி கூடக் கிடையாது. எதிரி எங்கே ஓடுகிறான், குண்டு யார் மேல் பட்டது, சுவர் எப்படி இடியும் என்ற கணக்கையெல்லாம் போடுவது பிராசஸர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்கள் விளையாட்டின் வேகம்.

எது மெது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற ஓர் இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு, விளையாட்டில், வேகத்தைத் திரையோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் எஃப்.பி.எஸ். வரம்பையும் அணைத்துவிடுங்கள். பிறகு வழக்கமாகத் திணறும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் பிராசஸரை மாற்றிப் பயனில்லை. 60, 70 என்று இறங்கி இறங்கி ஏறுகிறதா? கார்டு சும்மா காத்துக் கிடக்கிறது, பிராசஸர்தான் பிந்துகிறது. இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறையுங்கள். அப்போதும் எஃப்.பி.எஸ். ஏறவில்லையென்றால் பிராசஸர்தான் மெது, சந்தேகமே வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து இங்கே பலர் ஏமாறுகிறார்கள். "பிராசஸர் 40 சதவீதம்தான் ஓடுகிறது, நன்றாகத்தானே இருக்கிறது?" என்கிறார்கள். அது எல்லாக் கோர்களுக்கும், அவற்றில் ஓடும் த்ரெட்களுக்கும் சேர்த்த சராசரி. 12 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும், மொத்தக் கணக்கில் அதன் பங்கு 8 சதவீதம் அளவுக்குத்தான் வரும். விளையாட்டின் முக்கியமான வேலை பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு த்ரெட்களின் தலையில்தான் விழுகிறது.

சரி, பிராசஸர்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. உடனே கடைக்குக் கிளம்ப வேண்டாம். கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால், அதே வகையில் இன்னொன்று போடுவதே நல்ல வித்தியாசம் தரும். 3200 வேகம் என்று எழுதியிருக்கும் டி.டி.ஆர்.4 ரேம், போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை இயக்கும்வரை பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். அதை இயக்கக் காசு செலவில்லை. கூலரில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், சூடு தாங்காமல் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் இது சாதாரணமாக நடப்பதுதான்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் போதவில்லை என்றால் வாங்கலாம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த, ஏ.எம்.டி.யின் ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம். இப்படிப்பட்ட கணினிகள் இங்கே ஏராளம். இவற்றை வைத்திருப்பவர்களிடம் கடைக்காரர் "புது போர்டு, புது ரேம், எல்லாம் மாத்திடலாம்" என்று சொல்லக்கூடும். தேவையில்லை. அந்தப் போர்டிலுள்ள ஏ.எம்.4 என்ற சாக்கெட்டில் 2017-லிருந்து வந்த ரைசன்கள், 5000 வரிசை வரைக்கும், அநேகமாக எல்லாமே பொருந்தும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் போதும். ரைசன் 5 5600 ஒன்றை வாங்கி அதே போர்டில் உட்கார வைத்தால், நடுத்தர கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு அதுவே நிறைவு.

பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 5600-இல், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்3 கேஷ் 32 எம்.பி.; 5600ஜி, 5500 இரண்டிலும் 16 எம்.பி.தான். 5700எக்ஸ் என்பதில் 32. எக்ஸ் இல்லாத வெறும் 5700-இல் 16. விலையில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று எடுத்துவிட்டால், விளையாட்டில் அது தெரியும்.

கேஷுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அடுப்புப் பக்கத்து அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்தால் கை நீட்டி எடுக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். பிராசஸருக்குக் கேஷ்தான் அஞ்சறைப் பெட்டி, ரேம் ஸ்டோர் ரூம். 2022-இல் ஏ.எம்.டி. நிறுவனம் 5800எக்ஸ்3டி என்ற பிராசஸரில், 32 எம்.பி. கேஷின் மேல் இன்னொரு 64 எம்.பி.யை அடுக்கி 96 ஆக்கியது. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். பழைய 5800எக்ஸ் 4.7. வேகம் குறைந்த பிராசஸர், பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் கூடியதை முந்தியது! பெட்டியில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் எக்ஸ்3டி வகைக்கு விலை அதிகம். நல்ல கிராபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்துக் கவுன்ட்டர்-ஸ்டிரைக் ஆடுகிறவருக்கு அது தகும். 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவருக்குத் தகாது.

இன்டெல் வைத்திருப்பவர்கள் சாக்கெட் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 6, 7-ஆம் தலைமுறையும் 8, 9-ஆம் தலைமுறையும் 1151 என்ற ஒரே எண்ணைத்தான் சுமந்தன. ஒன்றின் போர்டு மற்றதற்கு ஆகாது.

வாங்கி வந்த பிறகு வரிசை முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் பிராசஸரை மாற்றிவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். பயாஸ் ஏறும் நேரத்தில் மின்சாரம் போனால் போர்டே செத்துவிடலாம்; யு.பி.எஸ். இல்லாவிட்டால் கரண்ட் நிலையாக இருக்கும் வேளை பார்த்துச் செய்யுங்கள். கழற்றும்போது கூலரை வெடுக்கென்று மேலே இழுக்கக் கூடாது. ஏ.எம்.4 பிராசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் கூலரோடு பிராசஸரும் பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். கொஞ்ச நேரம் விளையாடிச் சூடேற்றி, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி எடுங்கள்.

பயாஸ் புதுப்பித்தால் எக்ஸ்.எம்.பி. பெரும்பாலும் அணைந்துவிடும். மறக்காமல் திரும்ப இயக்கிவிட்டு, முன்பு சோதித்த அதே விளையாட்டில் அதே இடத்துக்குப் போய் எஃப்.பி.எஸ்.ஸைப் பாருங்கள். ஏறவேயில்லையென்றால், கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பெட்டியோடும் பில்லோடும் போய்க் கேளுங்கள்.