கண்ணாடிவிரியனும் ஒரு கண்ணாடிக் குழாயும்

போன வாரம் ஆஃபீஸ்ல ரிலீஸ், அதனால எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. இந்த வாரம் பாம்புக்கடி. ஹெட்செட் மாட்டிக்கிட்டு பஸ்ல போயிட்டிருக்கிற உங்களுக்கு இது ஏதோ கிராமத்து சமாச்சாரம்னு தோணலாம். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, மூணு வருஷம் முன்னாடி வரைக்கும்.

எங்க வாடிப்பட்டி பக்கம் ராத்திரியில "பாம்பு"ன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. "பூச்சி"ன்னுதான் சொல்வாங்க. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அம்மா போன் பண்ணி, "பெரியப்பாவைப் பூச்சி கடிச்சிருச்சுடா"ன்னாங்க. நான் பெங்களூர்ல ஒரு மீட்டிங்ல இருந்தேன். புரியறதுக்கே ஒரு நொடி ஆச்சு. மோட்டார் போடப் போனவர், வரப்புல இருட்டுல மிதிச்சிட்டார். டார்ச் கையில இருந்துச்சு, ஆனா அடிக்கல.

பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பேர் வேண்டாம். ரத்தம் எடுத்து ஒரு குழாயில வச்சுப் பாத்துட்டு, "உறைஞ்சிருச்சு, விஷம் ஏறல, காலையில கிளம்பலாம்"னு சொல்லிட்டாங்க. எங்க அண்ணன் வாட்ஸ்அப்ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் தூங்கிட்டேன்.

விடிகாலை நாலு மணிக்கு பெரியப்பாவுக்கு ஈறுல ரத்தம் கசிய ஆரம்பிச்சுது. 108-ஐக் கூப்பிட்டு மதுரைக்குக் கொண்டு வந்தாங்க. அங்க மறுபடியும் அதே டெஸ்ட். இருபது நிமிஷம் கழிச்சுக் குழாயைச் சாய்ச்சா, ரத்தம் தண்ணி மாதிரி ஓடுச்சுன்னு அண்ணன் சொன்னார். விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. ஆனா அதுக்குள்ள கிட்னி அடி வாங்கிருச்சு. நாலு தடவை டயாலிசிஸ். பிழைச்சுட்டார்.

ரெண்டு தடவையும் ஒரே டெஸ்ட். ரெண்டு பதில். ஃபால்ஸ் நெகட்டிவ்னா நம்ம வேலையில ஒரு டிக்கெட், அவ்வளவுதான். இங்க அது ஒரு மனுஷனோட கிட்னி. அதனால அந்த டெஸ்டைப் பத்தித் தேடிப் படிக்க உக்காந்தேன்.

அதுக்குப் பேரு "இருபது நிமிட ரத்தம் உறைதல் சோதனை". கருவி எதுவும் வேண்டாம், கரண்ட் வேண்டாம். சுத்தமான, காஞ்ச கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் விட்டு, இருபது நிமிஷம் அசைக்காம வச்சிட்டு, ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். கட்டியா நின்னா ரத்தம் உறையுது. ஓடினா உறையல.

பின்னாடி என்ன நடக்குதுன்னா, கண்ணாடிவிரியன் விஷம் நம்ம ரத்தத்துல உறையறதுக்குன்னு இருக்கிற புரதங்களை ஒரேயடியா கிளப்பி விட்டுரும். உடம்பு முழுக்க உறையற வேலை தேவையில்லாம ஓடி, ஃபைப்ரினோஜென்ங்கிற கச்சாப்பொருள் தீர்ந்து போயிரும். ரத்தத்தைக் கெட்டியாக்கிற விஷம்தான் கடைசியில உறையவே முடியாம பண்ணுது. மெமரியை எல்லாம் ஒரே ப்ராசஸ் தின்னுட்டு சர்வர் படுத்துடுற மாதிரி. இதே விஷத்தைக் கொஞ்சமா நீர்த்து இன்னைக்கும் லேப்ல ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்துறாங்க.

ஏன் கண்ணாடிக் குழாய்? கண்ணாடியோட மேற்பரப்பு பட்டாத்தான் ரத்தம் உறையற வேலையைச் சட்டுனு ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்ல அந்தத் தூண்டுதல் இல்ல. சோப்பு போட்டுக் கழுவின குழாயும் ஆகாது. அந்த மாதிரி குழாய்ல நல்லா இருக்கிறவர் ரத்தம்கூட உறையாம நிக்கும், தேவையில்லாம மருந்து ஏத்துவாங்க. எங்க பெரியப்பாவுக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

அந்த எதிர்ப்பக்கத்தைப் பத்தி நல்ல ஆராய்ச்சி இருக்கிறது இலங்கையில. மேப்ல நேர்க்கோடு போட்டுப் பாருங்க, மதுரையிலிருந்து சென்னையைவிட அனுராதபுரம் பக்கம். அதே கண்ணாடிவிரியன், அதே நெல்வயல், அதே வெறுங்கால். தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தை மையமா வச்சு இயங்குது. பூச்சிமருந்து, மாத்திரை, விஷச்செடி, பாம்பு இதெல்லாம்தான் அவங்க வேலை. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில உக்காராம, நோயாளி வந்து சேர்ற மாவட்ட ஆஸ்பத்திரி வார்டுலயே ஆராய்ச்சி பண்றாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததுக்குக் காரணமே அதுதான்.

2013-ல ஆஸ்திரேலியாவோட ஜெஃப்ரி இஸ்பிஸ்டர், இலங்கையோட கலன மதுவகே இவங்க எல்லாம் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சாதாரண வார்டுல, சாதாரணமா பண்ற மாதிரியே இந்தக் குழாய் டெஸ்டைப் பண்ண விட்டு, அதே ரத்தத்தை லேப்லயும் அளந்து பாத்தாங்க. உறையும் தன்மை கெட்டுப் போயிருந்தவங்கள்ல பாதிக்கு மேல குழாய் டெஸ்ட் தவறவிட்டிருந்தது. அப்படித் தவறவிட்டவங்களுக்கு மருந்து தாமதமா போய்ச் சேர்ந்துச்சு. இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். எங்க வீட்டுல நடந்ததை யாரோ முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க.

சரி, டெஸ்டையே தூக்கிப் போட்டுறலாமா? அங்கதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். 2017-ல இன்னொரு ஆய்வு, அதுவும் இலங்கையில. டெஸ்ட் அதே டெஸ்ட். ஆனா எவ்வளவு ரத்தம், எந்த அகலத்துல குழாய் எல்லாத்தையும் நிலையா வச்சாங்க. பயிற்சி கொடுத்த ஆள் பண்ணினார். இப்ப ஐந்து பேர்ல நாலு பேரைச் சரியா கண்டுபிடிச்சுது. புது மருந்து இல்ல, புது மெஷின் இல்ல. ஆனாலும் அஞ்சுல ஒருத்தர் தப்புறார்ங்கிறதை மறந்துடாதீங்க. அதனால முதல் குழாய் உறைஞ்சாலும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் பாக்கணும், ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில வச்சிருக்கணும். எங்க வீட்டுல ஒரே ஒரு தடவைதான் பாத்தாங்க.

கட்டுவிரியன் கடிச்சா இந்தக் குழாய் ஒண்ணுக்கும் உதவாது. அது நரம்பைத் தாக்குற விஷம், ரத்தம் ஒழுங்கா உறையும். தரையில தூங்குறவங்களை ராத்திரி கடிக்கும், பல நேரம் வலிக்கவே வலிக்காது. விடியறப்ப வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க, இமை தூக்க முடியாது. அங்க பாக்க வேண்டியது கண்ணையும் மூச்சையும்.

அடுத்த கேள்வி, மருந்து. இந்தியாவுல விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அதுக்கான விஷத்துல பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துலயிருந்து போகுது, 1978-ல தொடங்கினது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துலயிருந்துதான் மருந்து எடுக்குறாங்க. இலங்கைக்கும் இந்த இந்திய மருந்துதான் ரொம்ப காலமா போகுது. இருளர் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சது. நம்ம ஃபீட்ல அது எத்தனை நிமிஷம் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

குதிரைப் புரதம்ங்கிறதால மருந்துக்கே உடம்பு எகிறும். மூச்சுத் திணறல், பிரஷர் இறங்கறது எல்லாம் வரும். சின்ன ஆஸ்பத்திரியில ஊசி போடத் தயங்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம். இதுக்கும் இலங்கையில வழி தேடினாங்க. 2011-ல வெளிவந்த ஆய்வு, 1007 நோயாளிகள். மருந்துக்கு முன்னாடி குறைஞ்ச அளவு அட்ரினலின் கொடுத்தா, முதல் ஒரு மணி நேரத்துல வர்ற கடுமையான எதிர்விளைவு 43 சதவீதம் குறைஞ்சது. வழக்கமா முன்கூட்டியே போடுற ஹைட்ரோகார்ட்டிசோன், ப்ரோமெத்தசின் ரெண்டும் உதவல.

நம்ம நாட்டு எண்ணையும் சொல்லிடுறேன். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டுச்சு. வருஷத்துக்குச் சராசரி 58,000. 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயா சேர்த்துச்சு. தனியார் ஆஸ்பத்திரியும் இனி கணக்குச் சொல்லணும். லாக் எழுதாத சிஸ்டத்துல பக் தேட முடியாதுல்ல.

கடிச்சா என்ன பண்ணணும்னு கேப்பீங்க. கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறியாதீங்க, பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீங்க. கையோ காலோ அசையாம வச்சு, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூடப் போறவர் ஒண்ணு கேக்கலாம்: "டாக்டர், அடுத்த தடவை எப்ப பாப்பீங்க?" திமிரா கேக்க வேண்டாம், சும்மா கேளுங்க. எங்க அண்ணன் அன்னைக்குக் கேக்கல. நானும் போன்ல கேக்கச் சொல்லல.

ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தி இப்ப ஒரு ஆஸ்பத்திரியில டாக்டர். இந்த எபிசோடுக்காகப் பேசினப்ப சொன்னா, "இப்ப வர்ற குழாய் எல்லாம் பிளாஸ்டிக்குடா, கண்ணாடிக் குழாயைத் தேடி எடுத்து நானே ஒரு டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கேன்"னு.

கேக்குறவங்கள்ல நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், லேப் டெக்னீஷியன் யாராச்சும் இருந்தா, உங்க வார்டுல எந்தக் குழாய், ராத்திரியில யார் சாய்ச்சுப் பாக்குறாங்கன்னு எழுதி அனுப்புங்க. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.