சம்பளம் கேட்க வைத்தது சான்றிதழ்



பிரிக்பீல்ட்ஸ் அழகு நிலையங்களையும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளையும் எதிரணியினர் வரிசையாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் அங்கே கால் வைக்க இடமிருக்காது, உண்மைதான். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண் தலைவாரி, துணி தேய்த்து உடுத்தத்தான் வேண்டும். அதற்கு எத்தனை வெள்ளி ஆகும்?

தங்கம் விலை ஏறுகிறதே என்றார் ஒரு சகோதரி. ஏறுவது தங்கம் அம்மா, அலங்காரம் அல்ல. விற்கப் போனால் செய்கூலி திரும்பி வராது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனைச் சம்பளத்தில் கட்டலாம். கல்யாண அலங்காரத்துக்கு வாங்கிய கடனை எதில் கட்டுவது?

படித்த பெண்ணுக்கும் சம்பளம் குறைவுதானே என்று கேட்டார்கள். கனமான கேள்வி. மலேசியாவில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரே தகுதி, ஒரே வேலை. ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்கு அதைவிடக் குறைவு. ஈப்போவில் பிறந்து, பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் ராசம்மா பூபாலன். ஆசிரியையான அவர் 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்து, சம ஊதியம் கேட்டுப் போராடினார். பின்னாளில் கோலாலம்பூர் மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையும் ஆனார். அரசாங்கச் சேவையில் சம ஊதியம் 1969இலிருந்து படிப்படியாக வந்தது.

கேட்க முடிந்தது எதனால்? ஆண்கள் வைத்திருந்த அதே சான்றிதழ் பெண்கள் கையிலும் இருந்தது. முகப்பூச்சு வாங்கிய ரசீதை நீட்டி எந்த முதலாளியிடம் சம்பளம் கேட்பது, நடுவர் அவர்களே?