தீர்மானம் மண்டபத்தோடு நின்றால் களத்துமேட்டில் யார் நிற்பது?

(சம்பா அறுவடைக்கு முன் கூடிய வட்டாரப் பேரவையில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டோம்" என்று போன வருஷம் இதே பேரவையில் கை தூக்கினோம். சுவரொட்டி ஒட்டினோம். கொள்முதல் ஆரம்பித்த நாலாம் நாளே பல ஊர்களில் பணம் கைமாறியது. இரண்டு ஊர்களில் மட்டும் கடைசி மூட்டை வரைக்கும் கொடுக்காமல் நின்றார்கள்.

"நம்ம ஜனத்துக்கு ஒற்றுமை இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பயிர் மஞ்சளித்தால் நாம் அப்படிச் சொல்லிவிட்டா வருகிறோம்? தழைச்சத்து பற்றலையா, துத்தநாகம் பற்றலையா, தண்ணி தேங்கி வேர் அழுகுதா என்று ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்க்கிறோம். சங்கத்தையும் அப்படித்தான் வேரோடு பார்க்கணும். மூன்று காரணம் தெரிகிறது.

முதலாவது, எல்லோருடைய கணக்கும் ஒன்று இல்லை. மூட்டைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மூட்டைக்கு 4,000 ரூபாய். சொந்த நிலமும் நெல் காயப்போட இடமும் உள்ளவர், பத்து நாள் காத்திருந்தாவது அதைக் கொடுக்காமல் இருக்கலாம். குத்தகைக்காரர் நிலைமை என்ன? அறுவடை மெஷின் வாடகை பாக்கி. உரக்கடை பாக்கி. வீட்டு நகை அடமானத்தில். நெல் திறந்த வெளியில் குவிந்து கிடக்கிறது, மேற்கே வானம் கருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு மழை பெய்தால் அவருக்குப் போவது 4,000 இல்லை, ஆறு மாச உழைப்பு. அந்த ராத்திரி அவர் பணத்தை நீட்டினால் அதற்குத் துரோகம் என்று பேர் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, பல வாய் பேசுவது. ஓர் ஊர் "ஈரப்பதத்தைத் தளர்த்து" என்று மனு கொடுக்கிறது. இன்னொன்று "எங்க ஊரிலும் நிலையம் திற" என்கிறது. மூன்றாவது ஊர் "லஞ்சத்தை நிறுத்து" என்கிறது. மூன்றும் நியாயம்தான். மூன்றையும் ஒரே நாளில் ஒரே அதிகாரியிடம் தனித்தனியாகக் கொடுத்தால், அவர் மூன்றுக்கும் சேர்த்து "பார்க்கலாம்" என்று ஒரே பதில் சொல்லிவிடுவார்.

மூன்றாவது, சுமை தூக்கும் தொழிலாளியை எதிரியாக நினைப்பது. அவர்களும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான். தூக்குகிற மூட்டைக்கு ஏற்ற கூலி சர்க்காரிடமிருந்து வந்தால் அவர்கள் ஏன் நம்மிடம் கை நீட்டணும்? அவர்கள் கூலிக்கும் சேர்த்து நாம் குரல் கொடுத்தால்தான் தராசுப் பக்கம் நமக்கு ஆள் இருக்கும்.

நின்று காட்டிய இரண்டு ஊர்க்காரர்களும் பெரிய வீரதீரம் ஒன்றும் செய்யவில்லை. அறுவடைக்கு 15 நாள் முன்னால் வீடு வீடாகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் அறுப்பு, எத்தனை மூட்டை தேறும், யாருக்குக் காத்திருக்க முடியாது என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். காத்திருக்க முடியாதவர் நெல்லை வரிசையில் முன்னால் விட்டார்கள். தார்ப்பாயை இரவல் கொடுத்தார்கள். ஊர்ப் பொதுப் பணத்தில் மெஷின் வாடகைக்குக் கைமாற்று கொடுத்தார்கள். தராசுப் பக்கத்தில் தினம் இரண்டு பேர் முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். அவ்வளவுதான்.

டெல்லி எல்லையில் நடந்ததும் இதுதான். 2020 நவம்பர் கடைசியில் சிங்குவிலும் டிக்ரியிலும் போய் உட்கார்ந்த சங்கங்கள் ஒரே கொடியைச் சேர்ந்தவை அல்ல, ஒன்றோடொன்று சண்டை போட்டவையும் உண்டு. ஆனால் "மூன்று சட்டத்தையும் திரும்பப் பெறு" என்பது எல்லோருக்கும் பொது. பஞ்சாப் கிராமங்கள் முறை வைத்து ஆள் அனுப்பின. போனவர் வயலை ஊரில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் "சட்டங்களை ஒன்றரை வருஷம் நிறுத்தி வைக்கிறோம்" என்று மத்திய அரசு சொன்னது. அங்கேயே யாரும் தலையாட்டவில்லை. எல்லாச் சங்கங்களும் கூடிப் பேசி, முடியாது என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் சட்டங்கள் ரத்தாயின. அதன் பிறகு 2022 பஞ்சாப் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்தபோது அதே சங்கங்கள் பிரிந்தன. பொதுக் கோரிக்கை இருந்த வரைக்கும்தான் கட்டு நின்றது.

ஆகவே இந்த சம்பாவுக்கு நாம் செய்ய வேண்டியவை:

1. அறுவடைக்கு 15 நாள் முன் ஊர்தோறும் நோட்டு. குத்தகைக்காரர் பேர் முதலில் வரட்டும். அடங்கல் வாங்குவதில் அவருக்குச் சிக்கல் இருந்தால் கிளைச் செயலாளர் கூடப் போகணும்.

2. கிளைக்குக் கிளை பொதுத் தார்ப்பாய், கைமாற்று நிதி. வரவு செலவை வாரா வாரம் கரும்பலகையில் எழுதிப் போடணும்.

3. தராசுப் பக்கம் தினம் இரண்டு பேர்.

4. வாரம் ஒரு கூட்டம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். "என்னால முடியாது" என்று சொல்ல நினைப்பவர் அங்கேயே சொல்லட்டும், வழி தேடுவோம். வெளியே வந்தால் ஒரே பேச்சு.

5. வட்டாரம் முழுக்க ஒரே மனு: மூட்டைக்குப் பணம் கேட்பதை நிறுத்து! சுமைதூக்கும் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு! மற்ற கோரிக்கைகள் அடுத்த மனுவில்.

இதை ஏற்கிறவர்கள் இன்றைக்குக் கை தூக்க வேண்டாம். ஊருக்குப் போய் நோட்டை எடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு வாருங்கள்.

விளைந்த நெல் நமது! விலை கேட்கும் உரிமை நமது!
கடைசி விவசாயியின் கடைசி மூட்டை வரை ஒன்றாய் நிற்போம்!