பொருந்திழை காட்டும் புரத அளவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் இடம்பெறுவது நம் மரபு. இவ்வாண்டு அறிவியலுக்கும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டுமெனச் சங்கத்தார் விரும்பினர். பாண்டுப்பின் குன்றுச் சரிவுகளிலும் இருப்புப்பாதை ஓரத்துக் குடியிருப்புகளிலும் நெருங்கி வாழும் நமக்கு, எந்த அறிவியல் இன்றியமையாதது என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும் வாழ்க்கை நம்முடையது. ஆகவே, நோயை அது முற்றுமுன் கண்டறியத் துணைபுரியும் புதிய வழி ஒன்றைப் பற்றிப் பேச முற்படுகின்றோம்.

நம் உடலில் ஓடும் குருதி வெறும் செந்நீர் அன்று. அதில் ஆயிரக்கணக்கான புரதங்கள் உலவுகின்றன. நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குச் சென்றால் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளந்து பார்க்கின்றனர். இதயத் தசை சிதைந்தால் அப்புரதம் குருதியில் கசியும். இவ்வாறு புரதத்தின் அளவு உடலின் நிலையை உரைக்கும் செய்தியாகின்றது.

ஆயின், அச்செய்தியைப் படிப்பது எளிதன்று. குருதி நீரிலுள்ள புரதங்களில் பாதிக்கு மேற்பட்டது அல்புமின் என்னும் ஒன்றே. நாம் தேடும் புரதமோ சில வேளைகளில் அதனினும் ஆயிரம் கோடி மடங்கு குறைவாக இருக்கும். உலக மக்கள் தொகையே ஆயிரம் கோடியை எட்டவில்லை. உலகத்தார் அனைவரையும் ஒரு திடலில் நிறுத்தி, அவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கண்டுபிடிப்பது எத்துணை அரிதோ, அத்துணை அரிது இப்பணி.

இதுவரை இப்பணியைச் செய்து வந்தவை எதிர்ப்பொருள்கள். அயற்பொருள் உடலுக்குள் புகுந்தால் அதனைப் பற்றிப் பிடிக்க உடலே ஆக்கிக்கொள்ளும் புரதங்கள் அவை. பாம்புக்கடிக்குரிய மருந்தைக் குதிரைக் குருதியிலிருந்து எடுப்பதும் இவ்வடிப்படையில்தான். அமெரிக்க அறிவியலாளர் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் எதிர்ப்பொருளின் துணைகொண்டு குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1960-ஆம் ஆண்டளவில் நிறுவினர். அதற்காக யாலோ அம்மையார் 1977-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஆய்வுக்கூடச் சோதனைகளுள் மிகப் பல அவ்வழி வந்தவை.

எனினும், எதிர்ப்பொருளை ஆக்க விலங்கோ உயிரணுவோ தேவை. ஒருமுறை கிடைத்தது மறுமுறை அப்படியே கிடைக்குமென்ற உறுதியில்லை. வெப்பம் மிகுந்தால் அது கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில் காக்க வேண்டும். ஆய்வுக்கூடங்கள் விரும்பியதோ விலங்கின் துணையின்றி, எழுதி வைத்த குறிப்பின்படி எத்துணை முறையும் ஒரே வகையாக ஆக்கக்கூடிய ஒரு பொருள்.

அத்தகைய பொருள் 1990-ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிரெய்க் டூர்க்கும் லாரி கோல்டும், பாஸ்டன் நகரில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும் தனித்தனியே ஒரே கருத்தைச் செயற்படுத்திக் காட்டினர். எலிங்டனும் சோஸ்டாக்கும் அதற்கு 'ஆப்டமர்' எனப் பெயரிட்டனர். 'பொருந்திய' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அதனைத் தமிழில் 'பொருந்திழை' என்று வழங்கலாம்.

பொருந்திழை என்பது டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளால் ஆன குறுகிய ஒற்றை இழை. நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி அமைவது. மரபுப்பொருள் என்றால் பெற்றோர் பண்பைப் பிள்ளைக்குக் கொண்டு செல்வது என்றே அறிந்திருக்கின்றோம். ஆனால் ஒற்றை இழை தன்மேல் தானே மடிந்து வளைந்து ஒரு வடிவம் கொள்ளும். எழுத்தின் வரிசை மாறினால் வடிவமும் மாறும். ஏதோ ஒரு வடிவம், குறிப்பிட்ட ஒரு புரதத்தின் மேடுபள்ளங்களோடு பூட்டும் திறவுகோலும்போல் பொருந்திவிடும்.

எந்த வரிசை பொருந்தும் என்பதை முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? அறிய வேண்டுவதில்லை என்பதுதான் இம்முறையின் சிறப்பு. நம் தாய்மார்கள் முறத்தில் அரிசி புடைப்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லையும் உமியையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. புடைக்கப் புடைக்க வேண்டாதது விலகுகின்றது, வேண்டியது நிற்கின்றது. அவ்வாறே, எழுத்துகளைக் கண்டபடி அடுக்கிய கோடி கோடியான இழைகளை முதலில் ஆக்குகின்றனர். நாற்பது இடங்களில் நான்கு எழுத்துகளை நிரப்பும் வகைகள் எண்ணில் அடங்கா. அவற்றுள் நூறு இலட்சம் கோடி அளவிலான இழைகள் ஒரு சிறு குப்பியில் அடங்கும். அவற்றைக் குறித்த புரதத்தோடு கலக்கின்றனர். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்குகின்றனர். ஒட்டியவற்றைப் பிரித்துப் படியெடுத்துப் பெருக்குகின்றனர். மீண்டும் கலந்து, மீண்டும் கழுவி, மீண்டும் பெருக்குகின்றனர். பத்துச் சுற்றளவில் இவ்வாறு செய்தால் இறுகப் பற்றும் சில இழைகளே எஞ்சும். அவற்றின் எழுத்து வரிசையைப் படித்துவிட்டால், பிறகு பொறியே அவ்விழையை வேண்டியபோதெல்லாம் கோத்துத் தரும். குருதியை உறையச் செய்யும் திராம்பின் என்னும் புரதத்தைப் பற்றும் இழை 1992-இல் வெளியாயிற்று. அதற்குப் பதினைந்து எழுத்துகளே போதுமாயின.

பற்றுவது சரி, அளப்பது எவ்வாறு? அளவு தெரிந்த புரதக் கரைசல்களில் இழை காட்டும் ஒளியையோ மின்னோட்டத்தையோ முதலில் குறித்துக்கொள்வர். பின்னர் நோயாளியின் குருதியில் அது காட்டும் அளவை அக்குறிப்போடு ஒப்பிடுவர். நம் கடைக்காரர் எடைக்கல்லை வைத்துப் பண்டத்தை நிறுப்பது போன்றது இது. இன்னொரு நயமும் உண்டு. புரதத்தைப் பற்றிய இழையே மரபுப்பொருள் ஆதலால், இழைகளை எண்ணினாலே புரதங்களை எண்ணியதாகும். இவ்வழியில் லாரி கோல்டும் அவர் தோழர்களும் 15 மைக்ரோ லிட்டர் குருதி நீரில், அதாவது ஒரு துளியில் மூன்றில் ஒரு பங்கு அளவில், 813 புரதங்களை அளந்ததை 2010-இல் வெளியிட்டனர். ஐஸ்லாந்து நாட்டில் 35,559 மக்களின் குருதியை 4,907 இழைகளால் ஆராய்ந்த முடிவு 2021-இல் வெளிவந்தது.

இம்முறை குறையற்றது என்று கூறுவோமாயின் உண்மைக்கு மாறாவோம். குருதியிலுள்ள நொதிகள் இழையை அரித்துவிடுவதுண்டு. அதனைத் தடுக்க இழையின் அமைப்பை மாற்றிக் காப்பளிக்கின்றனர். ஒரு புரதத்திற்கென ஆக்கிய இழை, அதனை ஒத்த வேறொன்றைப் பற்றிவிடுதலும் உண்டு. எதிர்ப்பொருள் காட்டும் அளவும் பொருந்திழை காட்டும் அளவும் சில புரதங்களில் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு இழையையும் ஐயந்திரிபறச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும்.

இவ்வெச்சரிக்கை நமக்குப் பெரிதும் உரியது. காசநோய்க்குக் குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் ஒரு காலத்தில் நம் நாட்டில் ஏராளமாக விற்பனையாயின. நோயில்லாரை நோயாளர் என்றும், நோயுள்ளாரை நலமுற்றோர் என்றும் அவை காட்டின. உலக நல நிறுவனம் 2011-இல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென அறிவித்தது. இந்திய அரசு 2012-இல் தடை செய்தது. அதுவரை அவற்றிற்காகச் செலவானது உழைப்பாளிக் குடும்பங்களின் கூலிப்பணமும் ஆகும். அளவு பிழையானால் வாழ்வே பிழையாகின்றது.

அதே காசநோயின் பொருட்டே நம் நாட்டு அறிவியலாளர் பொருந்திழையைக் கையிலெடுத்தனர் என்பது மகிழ்தற்குரியது. காசம் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று. குழந்தைகளின் மூளையைச் சூழ்ந்த சவ்வையும் அது தாக்கும். தொடக்கத்தில் காய்ச்சல், வாந்தி, சோர்வு என்றே தோன்றும். காலம் தாழ்த்தினால் உயிர் போகும். உயிர் தப்பினாலும் பார்வையோ செவியோ கைகாலோ பழுதுபடக்கூடும். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் கிருமிகள் மிகச் சிலவே இருத்தலின், நுண்ணோக்கிக்கு அவை பெரும்பாலும் தென்படா. கிருமியை வளர்த்துப் பார்க்கவோ வாரங்கள் ஆகும். அத்தனை வாரம் காத்திருக்கும் வலிமை அக்குழந்தைக்கு இல்லை.

புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஜயா சிவசுவாமி தியாகி அம்மையாரும், பரீதாபாத்தில் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கும் ஆய்வு நிறுவனத்தில் தருண் குமார் சர்மாவும், அவர்தம் குழுவினரும் காசக் கிருமியின் 'எச்.எஸ்.பி.எக்ஸ்' என்னும் புரதத்தைப் பற்றும் டி.என்.ஏ. இழைகளைத் தேர்ந்தெடுத்தனர். நோயாளிகளின் முதுகுத் தண்டு நீரில் அவற்றைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், அவ்விழையை மின்முனையில் பதித்து ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விடை காணும் கருவி முறையையும் விளக்கினர். முன்னைய குருதிச் சோதனைகள் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்ப்பைத் தேடின; இதுவோ கிருமியின் புரதத்தையே தேடுகின்றது. வேறுபாடு அதுதான்.

தமிழர்க்கும் இந்நோயின் வரலாற்றில் பங்குண்டு. டாக்டர் சவுரி முத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சென்னையில் 1956-இல் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம், நெருக்கமான ஏழை இல்லங்களிலும் அது இயலும் என்பதை 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. நம்மைப்போன்ற இல்லங்களே அன்று சான்றாயின.

அன்பர்களே! பொருந்திழைச் சோதனை நம் தெரு மருத்துவமனைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. சளியை நுண்ணோக்கியில் காணும் சோதனையும் கிருமியின் மரபுப்பொருளைக் காணும் சோதனையும் இன்றே உள்ளன. அரசு மருத்துவ நிலையங்களில் காசநோய்ச் சோதனைக்கும் மருந்திற்கும் கட்டணம் இல்லை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சோதனை செய்துகொள்ளுங்கள். தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து கூறவேண்டும். பெண்ணின் திருமணம் தடைப்படும், வேலை போய்விடும், அண்டை வீட்டார் அறிந்துவிடுவர் என்றெல்லாம் அஞ்சி நம் குடும்பங்கள் இந்நோயை மறைக்கின்றன. ஆயிரம் கோடியில் ஒன்றாய் ஒளிந்திருக்கும் புரதத்தையும் அறிவியல் தேடிப் பிடிக்கின்றது. ஆனால் நாமே மூடி வைக்கும் இருமலை எந்தப் பொருந்திழையாலும் கண்டுபிடிக்க இயலாது. நோயுற்றவரை வெறுக்காத குடியிருப்பாக நம் குடியிருப்பு விளங்குமாயின், அதுவே இவ்விழாவின் பயன்.

நம் பிள்ளைகளுள் சிலரேனும் இத்துறை கற்று, நாம் இன்று கேட்டு வியந்ததை நாளை செய்து காட்டுவார்களாக.