சீனாவில் மேயருக்கு மேலே யார்?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"சீன அரசியலைப் பற்றி எளிமையாகப் பேசுங்கள் சார், பத்து நிமிஷம் போதும்" என்றார் நம் செயலாளர். கல்லூரியில் இதே பாடத்துக்கு ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொள்வேன். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

சீனாவுக்கும் அரசியல் சட்டம், நாடாளுமன்றம், பிரதமர் எல்லாம் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சியைத் தவிர இன்னும் எட்டுக் கட்சிகள்கூட உண்டு. ஆனால் அவை கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்டவை; எதிர்க்கட்சிகள் அல்ல. நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய 3000 உறுப்பினர்கள். அதிபர் இரண்டு முறைதான் பதவி வகிக்கலாம் என்ற வரம்பை 2018இல் நீக்கியபோது, எதிர்த்து விழுந்த ஓட்டு இரண்டே இரண்டு!

அப்படியானால் அதிகாரம் எங்கே இருக்கிறது? ஷாங்காய் நகரத்துக்கு மேயர் இருக்கிறார். ஆனால் அங்கே முதல் ஆள் அவர் இல்லை, கட்சியின் நகரச் செயலாளர். மாகாண ஆளுநருக்கு மேலே மாகாணக் கட்சிச் செயலாளர். பல்கலைக்கழகத்திலும் அரசு நிறுவனத்திலும் இதே கதைதான். ராணுவமும் கட்சியின் கட்டளைக்கு உட்பட்டது. முக்கியமான பதவிகளில் யாரை உட்கார வைப்பது என்று பார்ப்பதற்குக் கட்சிக்குள்ளேயே ஒரு துறை இருக்கிறது. சீனப் பொருளாதாரத்தின் போக்கையே மாற்றிய டெங் சியோபிங், அதிபராகவோ பிரதமராகவோ ஒருநாளும் இருந்ததில்லை. கட்சிக்கு உறுப்பினர்கள் சுமார் 10 கோடி. உச்சியில் இருக்கும் நிலைக்குழுவில் இப்போது 7 பேர்.

நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். நம் சங்கம் மாதிரி அங்கேயும் குடியிருப்போர் குழுக்கள் உண்டு. 1989ஆம் வருடச் சட்டப்படி அது மக்களின் தன்னாட்சி அமைப்பு. 5 முதல் 9 பேர் வரை குடியிருப்பவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். முதியவர்களைக் கவனிப்பது, அக்கம்பக்கத்துச் சண்டையைத் தீர்த்து வைப்பது எல்லாம் அதன் வேலை. (பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் தகராறுக்கு வீட்டு உரிமையாளர் குழு என்று தனியாக ஒன்று. அந்தச் சண்டைகளைப் படித்தால் நம் பொதுக்குழு ஞாபகம் வரும்!) ஆனால் குடியிருப்போர் குழுவின் செலவுக்குப் பணம் அரசிடமிருந்து வருகிறது. பல இடங்களில் குழுவின் தலைவரும் கட்சிக் கிளைச் செயலாளரும் ஒரே ஆள்.

2022இல் கொரோனாவுக்காக ஷாங்காயைப் பூட்டினார்கள். சுமார் இரண்டரைக் கோடிப் பேர் வாழும் ஊர். பெரும்பாலானவர்கள் இரண்டு மாதம் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. காய்கறிப் பை கொடுத்ததும், பரிசோதனை வரிசைக்குக் கூப்பிட்டதும் இந்தக் குழுக்காரர்கள்தான். சாப்பாடு தீர்ந்தவர்கள் அவர்களைத்தான் திட்டினார்கள். அவர்கள் பாவம், தூக்கமே இல்லாமல் வேலை பார்த்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், மேலிடத்து உத்தரவு என்பதைத் தவிர அவர்களிடம் பதில் இல்லை. ஓட்டுப் போட்டது கீழே இருப்பவர்கள், பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்களுக்கு.

அப்போது ஷாங்காயின் கட்சிச் செயலாளர் லி சியாங். ஊரே கோபத்தில் இருந்தது. அதே வருடம் அக்டோபரில் கட்சியின் வரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தார். 2023 மார்ச்சில் நாட்டின் பிரதமரானார். அவருடைய உயர்வைத் தீர்மானித்தவர்கள் ஷாங்காய்வாசிகள் அல்ல.

இந்த ஏற்பாட்டில் வேலை வேகமாக நடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 40,000 கிலோமீட்டருக்கும் மேல் அதிவேக ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். இதே ஏற்பாட்டில்தான் 1958க்குப் பிறகு, கீழே இருந்த அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி மேலே எழுதி அனுப்பினார்கள். அந்தக் கணக்கை நம்பி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

"ஜனங்கள் ஒன்றுமே சொல்ல மாட்டார்களா?" என்று முன்வரிசையில் மாமி கேட்கிறார். சொன்னார்கள் மாமி. 2022 நவம்பரில் உரும்சி நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். கட்டுப்பாடுகளால்தான் தப்பிக்க முடியவில்லை என்று பலர் நம்பினார்கள். பல நகரங்களில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து, எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 7 அன்று, பெரும்பாலான கட்டுப்பாடுகளை அரசு தளர்த்திவிட்டது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் தளர்த்தினோம் என்று யாரும் சொல்லவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற கேள்விகளைக் காபி குடித்துக்கொண்டே பேசலாம்.