வினைச்சொல் தேடும் குழந்தை



'மரம்' என்பதைக் குழந்தைக்கு விரல் நீட்டிக் காட்டிவிடலாம். 'கொடுத்தல்' என்பதை அவ்வாறு காட்ட இயலாது. கொடுப்பவர், பெறுபவர், பொருள் ஆகிய மூன்றும் அச்சொல்லுள் அடங்கியுள்ளன. செயலோ நிகழ்ந்தவுடன் மறைந்துவிடுகிறது. வினை வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் எனத் தொல்காப்பியர் பெயரினின்று அதனைப் பிரித்து வைத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

செவிக்குறையோ அறிவுக்குறையோ இன்றியும் மொழி கைவரப்பெறாது இடர்ப்படும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் உளர். 2017 முதல் ஆய்வாளர் பலர் இதனை 'வளர்ச்சிசார் மொழிக் கோளாறு' என்றே வழங்குகின்றனர். ஆங்கிலம் பேசும் இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்த மேபல் ரைஸ், ஜான் போட் ஆகியோர், 'செய்', 'போ' போன்ற பொதுவினைகள் சிலவற்றையே அவர்கள் பெரிதும் சார்ந்திருப்பதை 1993இல் எடுத்துக்காட்டினர்.

பழத்தின் தோலை உரிக்கும் படத்தைக் கண்டு, 'பழத்தை ஏதோ செய்கிறார்' என்று அக்குழந்தை சொல்லக்கூடும். 'உரிப்பது எது?' என வினவினால் அதே படத்தைச் சரியாகத் தொடுவதும் உண்டு. அறிதல் வேறு, அறிந்ததை உரிய நொடியில் எடுத்தல் வேறு. இவ்வேறுபாடு உணரப்படாத வகுப்பறையில் அக்குழந்தைக்கு 'மந்தம்' என்ற பெயர் நிலைத்துவிடுகிறது.

முதல் ஒலியை எடுத்துக்கொடுத்தல், தொடரைத் தொடங்கிவைத்தல், ஒரே வினையைப் பல சூழல்களில் கேட்கச் செய்தல், விடைக்குப் பொறுத்திருத்தல் ஆகியன துணைபுரியும்.

ஒரு வினைக்காக இரவெல்லாம் காத்திருப்பவர் கவிஞர். அவருக்கு அது விருப்பம். குழந்தைக்கோ அது கட்டாயம். கவிஞரின் காத்திருப்பைப் போற்றும் அவை, குழந்தையின் மௌனத்திற்கும் சிறிது பொழுது அளிக்க வேண்டும்.