இரத்த அணுவும் நடுக்குவாதமும்



தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், அட்டப்பாடி எல்லைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளர் பலர் வாழ்கின்றனர். கொழுந்து பறிக்கும் கை தளர்ந்தால் எடை குறையும். எடை குறைந்தால் வருவாயும் குறையும். அத்தளர்ச்சி எப்போதும் முதுமையின் விளைவன்று. சிலரிடம் அது நடுக்குவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும்.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. குறைந்த டோபமினை ஈடுசெய்ய உதவும் மருந்து லெவோடோபா. அப்பொருளை 1937இல் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அது நோயின் துன்பத்தைத் தணிக்கும்; அணுக்களின் அழிவை நிறுத்தாது. நோய் வெளிப்படும்போதே அந்நரம்பணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆகவே, நோயை முன்னரே அறிய இயலுமா என்பதே அறிவியலின் முன்னுள்ள வினா.

உயிருள்ளவரின் மூளையணுவை எடுத்துச் சோதித்தல் எளிதன்று. ஆனால், இரத்தத்திலுள்ள நிணநீர் அணுக்களும் டோபமின் ஏற்பிகளையும், டோபமினைக் கடத்தும் புரதத்தையும் கொண்டுள்ளன. தட்டணுக்களில் டோபமினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் பி என்னும் நொதி உள்ளது. மூளையின் நிலையை இவ்வணுக்கள் ஓரளவேனும் காட்டக்கூடும் என்னும் எண்ணத்தில் ஆய்வுகள் நடந்துள்ளன.

எனினும் அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தே அளவுகளை மாற்றிவிடுகிறது. புகைபிடிப்போரின் தட்டணுக்களில் அந்நொதியின் செயல் குறைகிறது. நலமுள்ளோரின் அளவுகளும் நோயுற்றோரின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்தே காணப்படுகின்றன. எனவே, இவ்வணுக்களை மட்டும் சோதித்து நோயை உறுதிசெய்ய இன்று இயலாது. மேலும், உயிருள்ள அணுக்களைக் கெடாமல் விரைந்து ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். மலைப்பாதையில் இது தனியொரு சிக்கல்.

அதுவரை மருத்துவரின் நேரடிப் பரிசோதனையே அடிப்படை. ஓய்வில் நடுங்கும் கை, விறைத்த தசை, மெதுவான இயக்கம், சிறுத்துவரும் கையெழுத்து, வீசாத ஒரு கை ஆகியவற்றைக் கண்டறியத் தோட்டச் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கலாம். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம் போன்ற உயர் நிலையங்களுக்கு நோயாளியை உரிய காலத்தில் அனுப்பலாம். நோய்க்குறிகளைத் தமிழிலேயே கேட்டறிதலும் இன்றியமையாதது.

நாளை நம்பத்தகுந்த இரத்தச் சோதனை வருமாயின், அது நகரத்தோடு நின்றுவிடலாகாது. தேயிலைச் சரிவில் கூடை சுமப்பவரையும் அது எட்ட வேண்டும். அதற்கான வழியை இன்றே அமைப்பது நம் கடமை.